இயற்பியல் தொடக்கக் கல்வியில் திசையிலியும் திசையனும்: சேலம், நாமக்கல் சமவெளியின் வழக்குகளை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

இயற்பியலைக் கற்கத் தொடங்கும் மாணவர் முதலில் எதிர்கொள்ளும் பாகுபாடு திசையிலி அளவு, திசையன் அளவு என்பதாகும். எண்மதிப்பு மட்டும் உடையது திசையிலி, எண்மதிப்பும் திசையும் உடையது திசையன் என்னும் வரையறை மனப்பாடத்துக்கு எளிது; ஆயினும் அது முழுமையானதன்று. ஓர் அளவு திசையனா என்பதை அது எவ்வாறு கூட்டப்படுகிறது என்பதே தீர்மானிக்கிறது. மேலும் தமிழில் வேகம், நிறை, விசை முதலிய சொற்கள் வழங்கும் இடத்திற்கேற்ப இப்பாகுபாட்டின் எல்லையைக் கடந்து பொருள் மாறுகின்றன. இவ்விரு சிக்கல்களையும் சேலம், நாமக்கல் சமவெளியிலும் அதன் விளிம்பிலும் காணப்படும் சாலை, ஆறு, அணை, மலைப்பாதை ஆகியவற்றைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது; கற்பித்தலுக்குரிய வரிசைமுறை ஒன்றையும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: திசையிலி, திசையன், கலைச்சொல், திசைவேகம், கூட்டல் விதி, காவிரி, கூடுதுறை, இயற்பியல் கற்பித்தல்.

1. முன்னுரை

‘வேகம் ஒரு திசையிலி அளவு’ என்று நாமக்கல்லில் பயிலும் மாணவர் எழுதினால் அது சரியான விடை. அதே தொடரை யாழ்ப்பாணத்தில் பயிலும் மாணவர் எழுதினால் அது பிழையான விடை. இருவரும் எழுதுவது தமிழ். இருவரும் கற்பது ஒரே இயற்பியல். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் வேகம் என்பது திசை கருதாத அளவைக் குறிக்கிறது. திசையோடு கூடியது திசைவேகம் எனப்படுகிறது. இலங்கைப் பாடநூல்களில் திசை கருதாத அளவு கதி என்றும், திசையோடு கூடியது வேகம் என்றும் வழங்கப்படுகின்றன.

இம்முரண்பாடு மொழிபெயர்ப்பாளர்க்கும் அகராதி தொகுப்போர்க்கும் மட்டும் உரிய சிக்கலன்று. ஒரு மாணவர் ‘வேகம் திசையிலி’ என்பதை ஒரு சொல்லின் அடைமொழியாக மட்டும் மனத்தில் இருத்தியிருந்தால், சொல் மாறும்போது அவருடைய அறிவும் தடுமாறும். எந்தப் பண்பு ஓர் அளவைத் திசையிலியாகவோ திசையனாகவோ ஆக்குகிறது என்பதை அறிந்திருந்தால் எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் அவர் வகைப்படுத்திவிடுவார். பின்னதை எவ்வாறு எய்தலாம் என்பதே இக்கட்டுரையின் வினா. கட்டுரை முழுவதிலும் தமிழ்நாட்டு வழக்கே பின்பற்றப்படுகிறது. இலங்கை வழக்கு வருமிடத்தில் அது சுட்டப்படும்.

2. சேலமும் கலைச்சொல் முயற்சியும்

அறிவியற் கருத்தைத் தமிழ்ச்சொல்லில் அடக்கும் முயற்சியில் சேலத்துக்குத் தனியிடம் உண்டு. அந்நகரில் வழக்கறிஞராக இருந்த இராஜாஜி 1916ஆம் ஆண்டில் தமிழ் அறிவியற் கலைச்சொற்களுக்கெனச் சங்கம் ஒன்றை அங்குத் தோற்றுவித்தார். இயற்பியல், வேதியியல், கணிதம், வானியல், உயிரியல் ஆகிய துறைகளின் சொற்களுக்குத் தமிழ் வடிவம் காண்பது அதன் பணி. நாமக்கல் அன்று சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. 1997 சனவரி 1 முதல் தனி மாவட்டமாயிற்று. ஆகவே இன்று இவ்விரு மாவட்டக் கல்லூரிகளில் இயற்பியலைத் தமிழில் விளக்க முனையும் ஆசிரியர், ஒரு நூற்றாண்டுக்கு முன் இதே நிலப்பகுதியில் எழுந்த கேள்வியையே மீண்டும் எதிர்கொள்கிறார் எனலாம்.

திசையிலி, திசையன் என்னும் பாகுபாட்டின் மூலச்சொற்களை 1840களில் அறிமுகப்படுத்தியவர் அயர்லாந்துக் கணித அறிஞர் வில்லியம் ரோவன் ஹாமில்டன். ‘வெக்டர்’ என்னும் இலத்தீன் சொல்லுக்குச் சுமப்பவர், கொண்டு செல்பவர் என்பது பொருள். ஒரு புள்ளியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டு செல்வது என்னும் கருத்து அதனுள் அடங்கியுள்ளது. ‘ஸ்கேலர்’ என்பது படிவரிசையைக் குறிக்கும் சொல்லின் அடியாகப் பிறந்தது. குறை எண்ணிலிருந்து மிகை எண் வரை நீளும் ஒற்றை அளவுகோலில் அடங்கும் மதிப்பு என்பது அதன் கருத்து. பின்னர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிப்ஸ், ஹெவிசைடு ஆகியோர் இன்று நாம் பயிலும் வடிவில் திசையன் கணிதத்தை அமைத்தனர்.

தமிழில் இச்சொற்களுக்கு இரு வழிகள் பின்பற்றப்பட்டுள்ளன. இலங்கையில் வழங்கும் காவி என்பது மூலச்சொல்லின் வேர்ப்பொருளைத் தழுவியது. காவுதல் என்றால் சுமத்தல். அதன் இணைச்சொல் எண்ணி. தமிழ்நாட்டில் வெக்டர், ஸ்கேலர் என்னும் ஒலிபெயர்ப்புகளோடு திசையன், திசையிலி என்பனவும் வழங்குகின்றன. இவை வேர்ப்பொருளை விடுத்துப் பண்பைக் கொண்டு ஆக்கப்பட்டவை. கேட்டவுடன் பொருள் விளங்குவது இவற்றின் சிறப்பு. திசை இருந்தால் திசையன், இல்லையேல் திசையிலி என்று மாணவர் நின்றுவிடக் காரணமாவதும் அதே சிறப்புத்தான்.

3. எல்லை கடக்கும் சொற்கள்

மேலே கண்ட வேகம் தவிர, குறைந்தது இரண்டு அடிப்படைச் சொற்கள் இப்பாகுபாட்டின் இரு பக்கங்களிலும் வழங்குகின்றன.

முதலாவது, நிறை. தமிழ்நாட்டு வழக்கில் நிறை என்பது ஒரு பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவு, எனவே திசையிலி. அப்பொருளைப் புவி ஈர்க்கும் விசை எடை. எனவே திசையன், அதன் திசை கீழ்நோக்கியது. இலங்கை வழக்கில் முன்னது திணிவு, பின்னது நிறை. ஆக, ‘நிறை ஒரு விசை’ என்னும் தொடர் ஓரிடத்தில் பிழை, மற்றோரிடத்தில் சரி. அன்றாட வழக்கு இச்சிக்கலை மேலும் கூட்டுகிறது. சரக்குந்துத் தொழிலுக்குப் பெயர்பெற்ற நாமக்கல்லில், எடைமேடையில் ஏறி இறங்கும் சரக்குந்துக்குத் தரப்படும் சீட்டில் எடை கிலோகிராமிலேயே அச்சிடப்படுகிறது. கிலோகிராம் நிறையின் அலகு. இயற்பியலில் எடையின் அலகு நியூட்டன். 50 கிராம் நிறையுள்ள ஒரு முட்டையின் எடை ஏறத்தாழ 0.49 நியூட்டன் என்று சொன்னால் கோழிப்பண்ணை வீட்டிலிருந்து வரும் மாணவர் வியப்படைவது இயல்பே.

இரண்டாவது, விசை. இயற்பியலில் இது திசையன். குமாரபாளையம், பள்ளிபாளையம், திருச்செங்கோடு வட்டாரங்களில் வளரும் மாணவர் இச்சொல்லை முதலில் கேட்பது விசைத்தறி என்னும் தொடரில்தான். அங்கு விசை என்பது கைக்கு மாற்றாகத் தறியை ஓட்டும் இயந்திர ஆற்றலைச் சுட்டுகிறது. இயற்பியல் நோக்கில் தறியின் மோட்டாருக்குச் சொல்லப்படும் அளவு திறன். அது குதிரைத்திறன் என்றோ வாட் என்றோ அளக்கப்படும் திசையிலி. ‘விசையாகப் போ’ என்னும் பேச்சுவழக்கில் அதே சொல் விரைவையும் குறிக்கிறது. ஆக, ஒரே சொல் விசை, திறன், வேகம் என்னும் மூன்று வேறு அளவுகளுக்கு மக்கள் வழக்கில் நிற்கிறது. அவற்றுள் ஒன்று திசையன், இரண்டு திசையிலிகள்.

மக்கள் வழக்கைப் பிழையென்று ஒதுக்குவது இங்கு நோக்கமன்று. சொல்லை நம்பி வகைப்படுத்தும் முறை எங்கே தளர்கிறது என்பதைக் காட்டுவதே நோக்கம். சொல்லைச் சாராத ஓர் உரைகல் தேவைப்படுகிறது.

4. திசை இருந்தால் போதுமா? கூடுதுறை தரும் விடை

நாமக்கல் மாவட்டத்தின் குமாரபாளையத்திற்கு எதிர்க்கரையில் பவானி நகர் அமைந்துள்ளது. அங்குப் பவானி ஆறு காவிரியில் கலக்கும் இடம் கூடுதுறை எனப்படுகிறது. இரண்டு ஆறுகளும் வெவ்வேறு திசைகளிலிருந்து வருகின்றன. எடுத்துக்காட்டாக, ஒரு நாளில் காவிரியில் வினாடிக்கு 10,000 கன அடியும் பவானியில் வினாடிக்கு 3,000 கன அடியும் நீர் வருவதாகக் கொள்வோம். கலந்தபின் ஆற்றில் செல்லும் நீரின் அளவு என்ன? இடையில் தேக்கமோ இழப்போ இல்லையெனில், 13,000 கன அடி. இரு ஆறுகளுக்கும் இடைப்பட்ட கோணம் 30 பாகையாயினும் 90 பாகையாயினும் இவ்விடை மாறாது.

நீரோட்ட அளவுக்கு எண்மதிப்பு உண்டு. ஆறு எத்திசையில் ஓடுகிறது என்று சொல்லவும் முடியும். ஆயினும் அது திசையன் அன்று. அதன் கூட்டலில் திசைக்கு இடமில்லை. வெறும் எண்களைப் போலவே அது கூடுகிறது.

மின்னோட்டமும் இத்தகையதே. சுற்றுப்படத்தில் மின்னோட்டத்திற்கு அம்புக்குறி இடுகிறோம். அதனால் அது திசையன் என்று மாணவர் எண்ணுவது பரவலான பிழை. ஒரு சந்தியில் 2 ஆம்பியரும் 3 ஆம்பியரும் நுழைந்தால் வெளியேறுவது 5 ஆம்பியர். கம்பிகளை எப்படி வளைத்தாலும் இது மாறுவதில்லை. கிர்க்காஃப் சந்தி விதி கூறுவது இதையே. அம்புக்குறி இங்குக் கம்பியின் எப்பக்கம் நோக்கி என்பதை மட்டும் குறிக்கும். கணக்கீட்டில் அது மிகை, குறை என்னும் குறியாக நின்றுவிடுகிறது. மின்னோட்ட அடர்த்தி என்னும் வேறோர் அளவு உண்டு, அது திசையன்.

திசை இருந்தும் திசையனாகாத மற்றொரு எடுத்துக்காட்டு, பெருங்கோணச் சுழற்சி. மேசைமேல் ஒரு புத்தகத்தை வைத்து, முதலில் செங்குத்து அச்சைச் சுற்றி 90 பாகையும் பின்னர்க் கிடை அச்சு ஒன்றைச் சுற்றி 90 பாகையும் திருப்புக. மீண்டும் தொடக்க நிலையில் வைத்து வரிசையை மாற்றித் திருப்புக. இறுதியில் புத்தகம் வெவ்வேறு நிலைகளில் கிடக்கும். சுழற்சிக்கு அளவு உண்டு, அச்சு என்னும் திசையும் உண்டு. எனினும் எதை முதலில் கூட்டினாலும் விடை ஒன்றே என்னும் திசையன் கூட்டலின் அடிப்படைப் பண்பு இங்கு இல்லை.

ஆகவே வரையறையை இவ்வாறு திருத்திக்கொள்ளலாம்: எண்மதிப்பும் திசையும் கொண்டு, முக்கோண விதி அல்லது இணைகர விதிப்படி கூடும் அளவே திசையன். பாடநூல் வரையறையில் பெரும்பாலும் விடுபடுவது இப்பிற்பகுதியே. அடையாளங்காட்டும் பண்பு அதில்தான் உள்ளது.

5. கூட்டலே உரைகல்

5.1 சாலை முக்கோணம்

சேலத்திலிருந்து புறப்படும் ஒருவர் திருச்செங்கோடு சென்று, அங்கிருந்து நாமக்கல் சேர்வதாகக் கொள்வோம். இவ்வூர்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கொண்டு ஏறத்தாழக் கணக்கிட்டால், திருச்செங்கோடு சேலத்திற்குத் தெற்கே 31 கிலோமீட்டரும் மேற்கே 28 கிலோமீட்டரும் தள்ளி உள்ளது. நாமக்கல் திருச்செங்கோட்டிற்குத் தெற்கே 18 கிலோமீட்டரும் கிழக்கே 30 கிலோமீட்டரும் தள்ளி உள்ளது.

முதற்பகுதியின் நேர்க்கோட்டு நீளம், 31, 28 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் காண, ஏறத்தாழ 42 கிலோமீட்டர். இரண்டாம் பகுதியின் நீளம் 35 கிலோமீட்டர். இவ்விரு நீளங்களையும் எண்களாகக் கூட்டினால் 77 கிலோமீட்டர். சாலை வளைந்து செல்வதால் உண்மையில் கடக்கும் தொலைவு இதனினும் மிகும்.

இடப்பெயர்ச்சிகளைக் கூட்டும்போது திசைவாரியாகக் கூட்ட வேண்டும். தெற்கே 31ஐயும் 18ஐயும் கூட்ட 49. மேற்கே 28உம் கிழக்கே 30உம் எதிரெதிர்த் திசையின. எனவே எஞ்சுவது கிழக்கே 2. மொத்த இடப்பெயர்ச்சி ஏறத்தாழ 49 கிலோமீட்டர், திசை ஏறக்குறைய நேர்த்தெற்கு. சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு நேரே சென்றவரின் இடப்பெயர்ச்சியும் இதுவே.

தொலைவு என்னும் திசையிலிக்கும் இடப்பெயர்ச்சி என்னும் திசையனுக்கும் உள்ள வேறுபாட்டை இக்கணக்கு எண்களாலேயே காட்டிவிடுகிறது. எரிபொருட் செலவு கடந்த தொலைவைப் பொறுத்தது; சென்றடைந்த இடம் இடப்பெயர்ச்சியைப் பொறுத்தது. நாமக்கல்லிலிருந்து புறப்பட்டு வடமாநிலம் சென்று திரும்பும் சரக்குந்தின் மொத்த இடப்பெயர்ச்சி சுழி. தொலைவுமானியோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டரைக் காட்டும்.

5.2 பரிசல்

திசைவேகங்களின் கூட்டலுக்குப் பரிசல் பொருத்தமான சான்று. காவிரியின் அகலம் ஓரிடத்தில் 400 மீட்டர் எனவும், நீரின் ஓட்டம் வினாடிக்கு 0.6 மீட்டர் எனவும், பரிசலோட்டி துடுப்பால் நீரைச் சார்ந்து வினாடிக்கு 0.8 மீட்டர் என்னும் அளவில் எதிர்க்கரையை நேராக நோக்கித் தள்ளுகிறார் எனவும் கொள்வோம். கரையில் நிற்பவர் காணும் திசைவேகத்தின் எண்மதிப்பு 1.4 அன்று. இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருப்பதால் அது வினாடிக்கு 1.0 மீட்டர்; திசை எதிர்க்கரைக்கும் கீழ்நீர்ப் பக்கத்திற்கும் இடைப்பட்டது.

கரையைக் கடக்க ஆகும் நேரம் 400ஐ 0.8ஆல் வகுக்க, 500 வினாடி. அந்நேரத்தில் ஆறு பரிசலை 300 மீட்டர் கீழே இழுத்துச் செல்கிறது. இங்கு மாணவர் கவனிக்க வேண்டியது, ஓட்டம் இருமடங்கானாலும் கடக்கும் நேரம் மாறாது என்பதாகும். ஒதுங்கும் தொலைவு மட்டுமே மாறும். ஒன்றுக்கொன்று செங்குத்தான கூறுகள் தத்தம் வேலையைத் தனித்தனியே செய்கின்றன.

எதிரே உள்ள துறையிலேயே இறங்க வேண்டுமெனில் பரிசலோட்டி மேல்நீர்ப் பக்கமாகச் சாய்த்துத் துடுப்பிட வேண்டும். மேற்கண்ட எண்களுக்கு அச்சாய்வு ஏறத்தாழ 49 பாகை. அப்போது குறுக்கே செல்லும் கூறு வினாடிக்கு 0.53 மீட்டராகக் குறைய, கடக்கும் நேரம் ஏறத்தாழ 756 வினாடியாகிறது. ஓட்டத்தின் வேகம் துடுப்பின் வேகத்தை மிஞ்சிவிட்டால் எப்படிச் சாய்த்தாலும் நேரெதிர்த் துறையை அடைய இயலாது. இதனைப் பரிசலோட்டி கணக்கின்றியே அறிவார். மாணவர் அதனைக் கணக்கோடு அறிகிறார்.

6. மாற்றமும் ஒரு திசையன்

கூட்டலை அறிந்தபின் கழித்தல் எளிது. முடுக்கம் என்னும் கருத்து கழித்தலிலிருந்தே பிறக்கிறது. நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலைக்குச் செல்லும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒரு பேருந்து அவற்றுள் ஒன்றை மணிக்கு 20 கிலோமீட்டர் என்னும் மாறா வேகத்தில் 6 வினாடியில் கடந்து, வந்த திசைக்கு நேரெதிராகத் திரும்புவதாகக் கொள்வோம்.

வேகமானியின் முள் அசையவில்லை; வேக மாற்றம் சுழி. திசைவேகமோ எதிர்த்திசைக்கு மாறிவிட்டது. ஆகவே திசைவேக மாற்றத்தின் எண்மதிப்பு மணிக்கு 40 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 11.1 மீட்டர். இதனை 6 வினாடியால் வகுக்க, சராசரி முடுக்கம் வினாடிக்கு வினாடி 1.85 மீட்டர். மாறா வேகத்தில் செல்லும் பேருந்துக்கு முடுக்கம் உண்டு என்னும் கூற்றை நம்பத் தயங்கும் மாணவர்க்கு, வளைவில் பக்கத்து இருக்கையாளர் மேல் சாய்ந்த நினைவே சான்றாகும்.

இதே கருத்தைச் சமவெளியிலும் காணலாம். மேட்டூரிலிருந்து பெரும்பாலும் தெற்கு நோக்கி வரும் காவிரி, கொடுமுடி அருகே கிழக்கு நோக்கித் திரும்புகிறது. ஓட்டத்தின் வேகம் மாறவில்லை என்று எளிமைக்காகக் கொண்டால், தெற்கு நோக்கிய திசைவேகம் கிழக்கு நோக்கியதாக மாற, சேர வேண்டிய மாற்றம் வடகிழக்கு நோக்கியது. தென்மேற்குப் பக்கக் கரை நீரை வடகிழக்காகத் தள்ளுகிறது. நீர் அக்கரையைத் தென்மேற்காகத் தள்ளுகிறது. ஆற்று வளைவுகளில் வெளிப்பக்கக் கரை பொதுவாக அரிக்கப்படுவதன் இயற்பியல் இதனோடு தொடர்புடையது.

7. திசையற்றதிலிருந்து திசை பிறத்தல்: அழுத்தமும் சரிவும்

மாணவர் திசையன் என்று கருதும் மற்றோர் அளவு அழுத்தம். ‘நீர் அணையை அழுத்துகிறது’ என்னும் தொடரில் திசை தொனிப்பதே காரணம். 1934இல் கட்டிமுடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, அதாவது ஏறத்தாழ 36.6 மீட்டர். நீர்ப்பரப்பிலிருந்து அவ்வளவு ஆழத்தில் நீரால் மட்டும் ஏற்படும் அழுத்தம், அடர்த்தி, ஈர்ப்பு முடுக்கம், ஆழம் ஆகிய மூன்றையும் பெருக்க, ஏறத்தாழ 3.6 இலட்சம் பாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தைப் போலச் சுமார் மூன்றரை மடங்கு. பெருக்கப்பட்ட ஈர்ப்பு முடுக்கமும் ஆழமும் இங்கு எண்மதிப்புகளாகவே நிற்கின்றன.

அந்த ஆழத்தில் ஒரு சிறு தகட்டை எப்படித் திருப்பி வைத்தாலும் அதன்மேல் அழுத்தம் அதுவே. அழுத்தத்திற்குத் தனக்கென ஒரு திசை இல்லை. தகட்டின்மேல் செயற்படும் விசைக்குத் திசை உண்டு. அத்திசையைத் தருவது தகட்டின் பரப்பு. அணைச்சுவர் நிற்கும் நிலையே அதன்மேல் செயற்படும் விசையின் திசையைத் தீர்மானிக்கிறது. திசையிலியான அழுத்தத்தைத் திசையுடைய பரப்போடு பெருக்கத் திசையனான விசை கிடைக்கிறது.

உயரமும் சரிவும் இத்தகைய மற்றோர் இணை. ஓரிடத்தின் உயரம் திசையிலி. அவ்விடத்தில் நிலம் எப்பக்கம் எவ்வளவு சரிகிறது என்பது திசையன். கிழக்கு என்னும் சொல் கீழ் என்பதன் அடியாகவும், மேற்கு என்பது மேல் என்பதன் அடியாகவும் பிறந்தவை என்பது மொழியியலார் கருத்து. மேற்கே மலையும் கிழக்கே கடலுமாகச் சரியும் நிலத்தில் வாழ்ந்தோர், உயர வேறுபாட்டையே திசையின் பெயராக்கினர் போலும். திசையிலி ஒன்று இடந்தோறும் மாறும்போது அம்மாற்றத்திலிருந்து திசை பிறக்கிறது என்னும் கருத்தை மேல்வகுப்பில் விளக்கும் ஆசிரியர்க்கு இச்சொற்பிறப்பு நல்ல தொடக்கமாகும்.

8. அச்சு மாறினால் எது மாறும்?

கல்லூரி நிலையில் இப்பாகுபாட்டை மேலும் ஒரு படி ஆழப்படுத்தலாம். இடப்பெயர்ச்சியை ‘தெற்கே 31, மேற்கே 28’ என்று இரு எண்களால் குறித்தோம். வடக்கு, கிழக்கு ஆகிய அச்சுகளுக்கு மாற்றாகச் சேலம்–திருச்செங்கோடு நேர்க்கோட்டையே ஓர் அச்சாகக் கொண்டால், அதே இடப்பெயர்ச்சி ‘அச்சின் வழியே 42, குறுக்கே 0’ என்றாகும். கூறுகள் மாறின, ஊர்கள் நகரவில்லை. அம்பும் அதன் நீளமும் மாறவில்லை. வெப்பநிலை, நிறை முதலிய திசையிலிகளுக்கு அச்சுத் திருப்பத்தால் எந்த எண்ணும் மாறுவதில்லை.

இங்குக் கூறு என்பதைத் தனித்த திசையிலி என்று எண்ணுவது ஒரு நுண்பிழை. கூறு ஓர் எண்தான். ஆனால் அச்சோடு மாறும் எண். குறைக்குறி பற்றிய மயக்கமும் இங்கேயே தீரும். வெப்பநிலை சுழிக்குக் கீழே 5 பாகை என்பதில் உள்ள குறைக்குறி அளவுகோலில் ஓரிடத்தைச் சுட்டுகிறது. ஹாமில்டன் கருதிய படிவரிசை அதுவே. திசைவேகக் கூற்றின் குறைக்குறி அச்சின் எதிர்ப்பக்கத்தைச் சுட்டுகிறது. முன்னது திசையன்று, பின்னது ஒற்றைப் பரிமாணத்தில் எஞ்சிய திசை.

9. கற்பித்தலுக்குரிய வரிசைமுறை

மேற்கண்டவற்றிலிருந்து வகுப்பறைக்குப் பின்வரும் வரிசைமுறை பரிந்துரைக்கப்படுகிறது.

முதலாவதாக, வரையறைக்கு முன் கூட்டலைத் தருதல். மாணவர் தம் ஊரிலிருந்து கல்லூரிக்கு வரும் வழியைத் திசைவாரியாகப் பிரித்துக் கூட்டட்டும். கிழக்கால, மேக்கால என்று திசை சுட்டிப் பேசும் கொங்கு வழக்கு இதற்கு உறுதுணையாகும். எண்களின் கூட்டலும் இடங்களின் கூட்டலும் வேறுபடுவதைக் கண்டபின் பெயர்களை அறிமுகப்படுத்தலாம்.

இரண்டாவதாக, பட்டியலுக்கு மாற்றாக வினா. ‘மின்னோட்டம் திசையனா?’ என்று கேட்டால் மாணவர் பட்டியலைத் தேடுவார். ‘இரண்டு மின்னோட்டங்கள் சேரும்போது கோணம் விடையை மாற்றுமா?’ என்று கேட்டால் சிந்திப்பார். கூடுதுறையும் பரிசலும் இவ்வினாவின் இரு விடைகளுக்கும் நிலையான அடையாளங்களாக அமையும்.

மூன்றாவதாக, சொல்லின் வேற்றுவழக்கை மறைக்காதிருத்தல். வேகம், நிறை ஆகிய சொற்களின் தமிழ்நாட்டுப் பொருளையும் இலங்கைப் பொருளையும் ஒருமுறையேனும் எதிரெதிரே எழுதிக்காட்டுவது நன்று. இணையவழியாக இருநாட்டு நூல்களையும் மாணவர் படிக்கும் இக்காலத்தில் இது தேவையாகிறது. கலைச்சொற்களைத் தொகுக்கும் ஆய்வாளரும் இத்தகைய சொற்களுக்கு வழக்கிடத்தைக் குறிப்பிடாது விட்டால், பிழை கருவியிலேயே நுழைந்துவிடும்.

நான்காவதாக, அலகோடு திசையையும் விடையில் கோருதல். விடைத்தாளில் அலகு விடுபட்டால் மதிப்பெண் குறைக்கும் நாம், திசை விடுபடுவதைப் பல நேரங்களில் கடந்துவிடுகிறோம். திசையன் வினாவுக்குத் திசையற்ற விடை பாதி விடையே என்பது முதற் பருவத்திலேயே வழக்கமாக வேண்டும்.

10. முடிவுரை

திசையிலி, திசையன் என்னும் பெயர்கள் திசையை முன்னிறுத்துகின்றன. பாகுபாட்டின் உயிர்நிலை கூட்டலில் உள்ளது. நீரோட்ட அளவும் மின்னோட்டமும் திசை சுட்டப்பெற்றும் எண்களாகவே கூடுவதால் திசையிலிகளாகின்றன. இடப்பெயர்ச்சி, திசைவேகம், முடுக்கம், விசை ஆகியவை இணைகர விதிப்படி கூடுவதால் திசையன்களாகின்றன. தமிழ்ச்சொற்கள் நாட்டுக்கு நாடும், பாடநூலுக்கும் பட்டறைக்கும் இடையிலும் பொருள் மாறுவதால், செயலால் அறியப்படும் இவ்வரையறை தமிழில் கற்போர்க்குக் கூடுதலாகப் பயன்படுகிறது. 1916இல் சேலத்தில் தொடங்கிய பணி சொற்களைத் தேடியது. அச்சொற்கள் எதைச் சுட்டுகின்றன என்பதை மாணவர் தாமே சோதித்தறியச் செய்வது இன்றைய ஆசிரியரின் பணி. சோதிப்பதற்கு வேண்டிய சாலையும் ஆறும் மலைப்பாதையும் அவர்கள் நாள்தோறும் கடந்து வருவனவே.